கூட யாரு வந்திருக்கா?

போன வாரம் பெரியவளை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். ஒரு கையில் ஆஸ்பத்திரிப் பை, இன்னொரு கையில் வீட்டுச் சாவி, கண் இரண்டும் தெருமுனையில். இந்த வாரமும் அங்கேயேதான் நிற்கிறாள், பாவம்.

தொடர்ந்து படிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெரியவள் ஒரு துணிக்கடையில் தையல்காரி. ஐம்பதைத் தொட்டவள், தனிக்கட்டை. அவளுக்கு அடுத்தவன் தம்பி, அதே ஊரின் மறுகோடியில் இருக்கிறான். கடைக்குட்டி சின்னவள். அவள் வேலைக்காகக் கடல் கடந்து போய் ஆறு வருடம் ஆகிறது. பெரியவளின் பித்தப்பையில் கல். வலி வந்தால் சுருண்டு தரையில் படுத்துவிடுகிறாள். இன்று வெள்ளிக்கிழமை, அந்தக் கல்லை எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் மயக்க ஊசி போடுவதால் கூடவே ஒருவர் இருந்து கூட்டிப் போக வேண்டும். ஆள் இல்லையென்றால் ஊசி இல்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இதைச் சின்னவளிடம் போனில் சொன்னபோதுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"நீ ஏன்க்கா கவலைப்படறே? வெள்ளிக்கிழமை நான் வரேன். கண்டிப்பா வரேன்."

போதாதா? அன்றைக்கே பெரியவள் சின்ன அறையை ஒழிக்க ஆரம்பித்துவிட்டாள். கட்டில்மேல் குவிந்திருந்த துணிமூட்டையெல்லாம் பரணுக்குப் போயிற்று. புதுப் போர்வை, புது டூத்பிரஷ், பெட்டிக்குள் கிடந்த இரண்டாவது காபிக் கோப்பை எல்லாம் வெளியே வந்தன. எந்த ப்ளைட், எத்தனை மணிக்கு என்று மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்டால் எங்கே வரவில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். திடுதிப்பென்று வந்து நிற்பதுதான் சின்னவளுக்குப் பிடிக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தெருமுனையில் ஒரு டாக்சி திரும்பியது. பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்சி எதிர்வீட்டு வாசலில் நின்றது. வழுக்கைத் தலையோடு ஒரு மனிதர் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அப்போதுதான் போன் டிங் என்றது. சின்னவளிடமிருந்து செய்தி.

'அக்கா, நான் வந்துட்டேன்!'

பெரியவள் பையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கே ஓடினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பால் வாங்கி வந்த ஒருவர் அவளுக்காக ஒதுங்கிப் போனார். போன் மறுபடி டிங் என்றது.

'எங்கே போயிட்டே? வீடியோவ ஆன் பண்ணு. நான் லைன்ல வெயிட்டிங்.'

நடுத்தெருவில் நின்றுகொண்டு அந்த வரியை அவள் மூன்று தடவை படித்தாள்.

சின்னவள்மேல் தப்பு சொல்ல முடியாதுதான். அந்தக் குடும்பத்தில் வருவது என்றால் திரையில் வருவது என்று எப்போதோ ஆகிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூன்று பேரும் வருவார்கள், உட்கார்ந்து பேசுவார்கள், சிரிப்பார்கள், 'சரி, போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பெரியவள் வீட்டில் ஒரு நாற்காலி நகர்ந்திருக்காது. கழுவ ஒரு டம்ளர்கூட இருக்காது. இத்தனையும் தெரிந்தவள்தான். ஆனாலும் வயிற்றைக் கீறப்போகிறார்கள் என்று சொன்ன பிறகு ஒருத்தி வரேன் என்றால், அது பழைய வரேனாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள்.

போன் அடிக்க ஆரம்பித்தது. திரையில் சின்னவளின் சிரித்த முகம். பெரியவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வருவா, நல்லா வருவா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, எடுக்காமல், வாசலுக்கு வந்து அங்கே கிடந்த பைக்குள் போட்டாள்.

இரண்டு நிமிடம் கழித்து அவளே வெளியே எடுத்து, தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், சின்னவ வரலடா."

"வந்தாளே அக்கா? இப்பதான் குரூப்ல ஹாய் சொன்னா."

"நேர்ல வரலடா, முண்டம்! என்கூட ஆஸ்பத்திரிக்கு ஆள் இல்ல. நீ வா."

தம்பிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. அவன் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறானா இல்லையா என்பதை அவன் பெயருக்குப் பக்கத்தில் எரியும் ஒரு பச்சைப் புள்ளி மேலதிகாரிக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். எழுந்து போனால் புள்ளி அணைந்துவிடும். அது அணைந்தால் கேள்வி வரும். ஏற்கெனவே அவன் ஆபீசில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், அதாவது வீட்டிலேயே இருந்தவர்களை. சின்னவள் அவனுக்கு வைத்திருக்கும் பெயரே பச்சைப்புள்ளி.

"இன்னிக்குப் பெரிய மீட்டிங்க்கா. வேணும்னா நான் லைன்லயே இருக்கேன். டாக்டர்கிட்ட போன குடு, நான் பேசறேன்."

"டாக்டருக்குப் பேச ஆள் வேணாம்டா. என்னத் தாங்கிப் பிடிக்க ஆள் வேணும். உன் புள்ளிக்கு நான் ஈடில்லையா?"

"ஐயோ அக்கா, ஏன் இப்படியெல்லாம் பேசறே? சரி, லேப்டாப்பத் தூக்கிட்டு வரேன்."

"எப்படி வரே?"

"எப்படின்னா?"

"காலால வரியா, போனால வரியா? சொல்லிட்டு வை."

"கார்லக்கா," என்றான் தம்பி, அழாத குறையாக.

*

அறுவைப் பிரிவு ஆஸ்பத்திரியின் தரைக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மேஜைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்டாள்.

"கூட யாரு வந்திருக்கா?"

"தம்பி. வந்துட்டே இருக்கான்."

"வந்ததும் சொல்லுங்க. அவர்கிட்ட பேசிட்டுத்தான் உங்கள உள்ளே அனுப்புவேன். இப்பப் போய் இந்த அங்கிய மாத்திக்குங்க."

அங்கியைப் பிரித்துப் பார்த்ததும் பெரியவளுக்குத் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. பச்சைத் துணி, ஓரம் மடித்து அடிக்கவில்லை, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாடா முதுகுப் பக்கம். கையை மேலே தூக்கினாள், கீழே வளைத்தாள், எட்டவே இல்லை. எவனோ தைத்திருக்கிறான், தனியாக ஒருத்தி இதைப் போட்டுக்கொள்ள வேண்டி வருமே என்று ஒரு நிமிடம் யோசித்தானா என்று வாய்க்குள்ளேயே திட்டினாள்.

பின்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு அவள் வெளியே வந்ததைப் பார்த்து, பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். புருஷனின் ஆபரேஷனுக்காகக் கூட வந்தவள். வந்ததிலிருந்து அந்த இரண்டு பேரும் வெந்நீர் பிளாஸ்கை யார் மறந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"திரும்புங்க, நான் கட்டி விடறேன்."

முன்பின் தெரியாத அந்த விரல்கள் கழுத்துக்குக் கீழே ஒரு முடிச்சு, நடுமுதுகில் ஒரு முடிச்சு போட்டன. பெரியவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு மனுஷக் கை தன் முதுகில் பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"பயமா இருக்கா?" என்றாள் பிளாஸ்க்காரி.

"ஆமா," என்று பொய் சொன்னாள்.

கடையில் முன்பெல்லாம் அவள் நாள் முழுவதும் அளவெடுப்பாள். வாடிக்கைக்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். டேப்பை முதுகைச் சுற்றிக் கொண்டுவருவதற்காக இரண்டு கையாலும் ஆளை வளைக்க வேண்டும். கட்டிப்பிடிக்கிற மாதிரிதான். யாரும் அதை அப்படி நினைத்ததில்லை, அவளைத் தவிர. இப்போது முதலாளி ஒரு ஆப் போட்டுவிட்டார். ஜனங்கள் வீட்டிலேயே அளவெடுத்து எண்ணை அனுப்பிவிடுகிறார்கள். டேப் அவள் மேஜை ஆணியில் தொங்குகிறது. எண் தப்பாக வந்து துணி திரும்பி வந்தால் அதைப் பிரித்துத் தைப்பதுதான் இப்போது அவள் வேலை.

பைக்குள் போன் இரண்டு தடவை அதிர்ந்து அடங்கியது. அந்தப் பாதாளத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. சின்னவள்தான். பெரியவள் எடுக்கவில்லை. கிடக்கட்டும் கழுதை, தவிக்கட்டும் என்றிருந்தது.

தம்பி வந்தான். சொன்னபடியே காலால் வந்தான், படியிறங்கி, மூச்சு வாங்க, நெஞ்சோடு லேப்டாப்பை அணைத்துக்கொண்டு. ஒரே ஊரில் இருந்துகொண்டு அவனை நேரில் பார்த்தது போன மழைக்காலத்தோடு சரி. திரையில் தெரிவதைவிடக் குட்டையாக இருந்தான். கன்னத்தில் நரை. அவன் வந்து தொப்பென்று உட்கார்ந்ததில் அவன் தோள் அவள் தோளில் இடித்தது. அந்த இடி போதும் என்று இருந்தது பெரியவளுக்கு. மடங்கிக் கிடந்த அவன் காலரை நீவி விட்டாள்.

"சாப்டியாடா?"

"ம்." அவன் லேப்டாப்பைத் திறந்தாகிவிட்டது. "என்னக்கா, இங்கே சிக்னலே இல்ல?"

"பூமிக்கு அடியில எங்கேடா இருக்கும்? மூடி வை. நர்ஸ் உன்கிட்ட பேசணுமாம்."

தம்பி திரையைப் பார்த்தான். பச்சைப் புள்ளி சாம்பல் நிறமாகியிருந்தது. அவன் முகமும் அப்படியே ஆயிற்று. அவனைத் திட்ட வேண்டும் என்று வாயெடுத்த பெரியவள், அந்த முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். வீட்டில் படிக்கிற வயதில் இரண்டு பிள்ளைகள் வைத்திருப்பவன்.

"அஞ்சே நிமிஷம்க்கா. மேலே போயி மீட்டிங்ல ஒரு தலையக் காட்டிட்டு வந்துடறேன். சத்தியமா."

"டேய், இப்பக் கூப்பிட்டுடுவாங்கடா."

"இதோ வரேன்க்கா!"

படிகளில் தாவி ஏறிப் போனான். அவன் உட்கார்ந்த இடம் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது. பெரியவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அவன் போய்ப் பத்து நிமிடம் இருக்கும், நர்ஸ் வந்துவிட்டாள்.

"பித்தப்பை யாரு? நீங்கதானே? டாக்டர் ரெடி. உங்க தம்பி எங்கே?"

"மேலே போயிருக்கான், இதோ வந்துடுவான். இவ்ளோ நேரம் இங்கேதான் இருந்தான், இவங்களக் கேளுங்க."

"போன் போடுங்க."

போட்டாள். சிக்னல் இல்லை. மறுபடி போட்டாள். போன் ஊமையாக இருந்தது. பிளாஸ்க்காரி எழுந்து நின்றாள்.

"மேடம், நான் இருக்கேன் இவங்களுக்கு. சாயங்காலம் நாங்களே வீட்ல விட்டுட்டுப் போறோம்."

"நீங்க உங்க வீட்டுக்காரரப் பாக்கணுமே அம்மா. ஒருத்தர் ரெண்டு பேருக்கு இருக்கக் கூடாது. எனக்கும் மனசு இருக்கு, ஆனா நாளைக்கு ஒண்ணுன்னா என்னத்தான் கேப்பாங்க." நர்ஸ் பெரியவளைப் பார்த்தாள். குரல் இறங்கியிருந்தது. "அடுத்த ஆள உள்ளே அனுப்பறேன். அதுக்குள்ளே வந்துட்டார்னா டாக்டர்கிட்ட கெஞ்சிப் பாக்கறேன். அவர் மதியம் வேற ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுவார். இன்னிக்கு விட்டா அடுத்த தேதி மாசக்கணக்குல தள்ளிடும்."

பெரியவள் படியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். யார் யாரோ இறங்கி வந்தார்கள். பிளாஸ்க்காரியின் புருஷன் உள்ளே போய் வெளியே வந்தான். தள்ளுவண்டியில் மயக்கத்தில் கிடந்தவனிடம் அவள் குனிந்து, "பிளாஸ்க் கார்லதான் இருக்கு, நான்தான் மறந்தேன்" என்று சொன்னது கேட்டது.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியேறினார். நர்ஸ் வந்து, பெரியவளின் முதுகுப் பக்க முடிச்சுகளை அவளே அவிழ்த்துவிட்டாள்.

*

மேலே வெயிலில் கண் கூசியது. கார் நிறுத்தும் இடத்தில் தம்பி காருக்குள்ளேயே உட்கார்ந்து, மடியில் லேப்டாப்போடு, யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கி, ஒரு நிமிடம் என்று ஜாடை காட்டினான். அப்புறம்தான் அவள் அங்கியில் இல்லை, சொந்தத் துணியில் நிற்கிறாள் என்பது அவனுக்கு உறைத்தது. காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு இறங்கி ஓடி வந்தான்.

"கேமராவ ஆன் பண்ணச் சொல்லிட்டாங்கக்கா... என்னையே கேள்வி கேட்டாங்க... எந்திரிக்கவே முடியல..."

"விடுடா."

"நாளைக்கு வேற டாக்டர்கிட்ட..."

"விடுடான்னு சொல்றேன்ல. போய் உன் வேலையப் பாரு."

அவன் அழுதுவிட்டான். நாற்பத்தைந்து வயது ஆம்பிளை, கார் நிறுத்தும் இடத்தில் நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது பெரியவளுக்கு. அதற்குள் காருக்குள்ளிருந்து லேப்டாப் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

"டாக்சி சொல்லிட்டேன்க்கா, காசு கட்டியாச்சு, நேரா வீட்ல விட்டுடுவான். ராத்திரி வீடியோல வரேன்."

வாசலோரம் இருந்த சிமெண்டு மேடையில் அவள் உட்கார்ந்தாள். விலாவுக்குக் கீழே அந்தப் பழைய வலி லேசாக எட்டிப் பார்த்தது. போனை எடுத்தாள். சின்னவள் நாலு தடவை கூப்பிட்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது தடவை அடித்தது. இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் கொட்டுவதற்காகவே பெரியவள் எடுத்தாள்.

"அக்கா! முடிஞ்சுதா? வலிக்குதா? ஏன் எடுக்கவே இல்ல?"

"ஒண்ணும் முடியல. ஆள் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நீ வரேன்னு சொன்னியேடி! ரூம ஒழிச்சு வச்சேன்டி. டூத்பிரஷ்கூட வாங்கி வச்சிருக்கேன்டி, உனக்குப் பிடிச்ச கலர்ல!"

திரையில் முகம் அசையாமல் நின்றது. நெட் மாட்டிக்கொண்டதோ என்று நினைத்தாள் பெரியவள். ஆனால் கண் இமைத்தது.

"நேர்லயாக்கா நெனச்சே?"

"பின்னே? வரதுன்னா வரதுதானேடி!"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அவள் பக்கத்தில் யாரோ வேற்று மொழியில் ஏதோ கேட்டார்கள். அவள் சட்டென்று எழுந்தாள். கையிலிருந்த போன் தாழ்ந்து, ஒரு வினாடி திரையில் முகத்துக்குப் பதில் உடம்பு வந்து போனது. நீலச் சட்டை. பெரியவள் தைத்த சட்டைதான், ஊரை விட்டுப் போகிற அன்றைக்குக் கடைசியாக அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தது.

அது தோளில் நிற்காமல் வழிந்ததைப் பெரியவளின் தையல்காரிக் கண் பிடித்துவிட்டது.

"போனக் கீழே இறக்கு."

"எதுக்குக்கா?"

"இறக்குடி. சட்டையப் பாக்கணும்."

"இப்ப எதுக்கு சட்டை..."

"இறக்குன்னு சொன்னேன்!"

போன் மெதுவாக இறங்கியது. தோளில் இருக்க வேண்டிய தையல் பாதிக் கைக்கு வந்திருந்தது. இடுப்பில் இரண்டு பக்கமும் பிடித்தால் பிடி பிடியாகத் துணி வரும். அந்தச் சட்டைக்குள் பாதி ஆள்தான் இருந்தாள். கை மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெரியவள் பார்த்தது முகத்தை மட்டும்தான். வெளிச்சம் வைத்து, பூசிச் சிரித்த முகம்.

"எத்தனை நாளாடி இது?"

"போன வருஷத்துலேர்ந்து."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ அங்கே தனியா உக்காந்து அழுவே. நான் இங்கே அதப் பாத்துட்டு உக்காந்திருக்கணும்." சின்னவள் போனை மறுபடி முகத்துக்குக் கொண்டுவந்தாள். சிரிக்க முயன்று விட்டுவிட்டாள். "இன்னிக்குத்தான்க்கா ரிசல்ட் சொல்றாங்க. காலையிலேர்ந்து பயமா இருந்துச்சு. அதான் உன்னக் கூப்பிட்டுட்டே இருந்தேன்."

பெரியவள் எடுக்காமல் விட்டது நாலு தடவை. தவிக்கட்டும் கழுதை என்று இருந்தாளே!

"கூட யாருடி வந்திருக்கா?"

"நீதான்."

வாசலில் டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். பெரியவள் திரும்பவில்லை.

"இங்கேயும் அதையேதான் கேட்டாங்கக்கா. அக்கா வந்திருக்கான்னு சொல்லிட்டேன்," என்றாள் சின்னவள். "கூப்பிடறாங்க. உள்ளே போறேன். வெச்சுடாதே, என்ன?"

"வெக்க மாட்டேன்டி. நான் இங்கேதான் இருக்கேன்."

திரை நீலமானது. போனை அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். துணி மிக அருகில், மங்கலாக, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பட்டனும், பட்டனைச் சுற்றிப் பெரியவள் கையால் போட்ட தையலும் தெரிந்தன. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஒரு ஆணின் குரல், நிதானமாக, நிறுத்தி நிறுத்திப் பேசியது.

பெரியவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்த மொழியில் அவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. குரல் பேசி முடித்து நின்றது. சின்னவள் பதிலுக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.